டீசலைக் கூட்டினால் ஹெச்.பி. கூடிவிடுமா? காசிமேட்டு இன்ஜின் ஒன்றைப் பிரித்துக் கட்டியபோது எழுதியவை

கேள்வி, 8 ஏப்ரல் 2024

அண்ணே, காசிமேட்டில் எங்கள் அப்பாவுக்கு 50 அடி விசைப்படகு இருக்கிறது. ஆறு சிலிண்டர், 6.5 லிட்டர் இன்ஜின், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. தகட்டில் நிமிடத்துக்கு 1800 சுற்றில் 100 ஹெச்.பி. என்று இருக்கிறது. இப்போது எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு கரைக்கு வந்துவிடுகிறார்கள். நாங்கள் வருவதற்குள் ஏலம் பாதி முடிந்துவிடுகிறது. ஒருவர் டர்போ வைத்து, டீசல் பம்ப்பில் ஸ்க்ரூவைத் திருப்பி 150 ஆக்கித் தருகிறேன் என்கிறார். ஒரே நாள் வேலையாம். மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துவிடலாமா?

9 ஏப்ரல்

வேண்டாம் தம்பி. அந்த ஒரு நாள் வேலையை மட்டும் செய்ய வேண்டாம்.

பம்ப்பில் ஸ்க்ரூவை மட்டும் திருப்பினால் டீசல் அதிகமாகும், காற்று அதிகமாகாது. ஒரு பங்கு டீசல் எரிய எடையில் பதினாலரைப் பங்கு காற்று வேண்டும். அது கணக்குப்படி. நிஜத்தில் புகை இல்லாமல் எரிய இருபது பங்குக்குக் குறையக் கூடாது. காற்று போதாமல் ஊற்றும் டீசல் கரும்புகையாகவும் சூடாகவும் போகிறது. அந்தச் சூடு பிஸ்டன் தலை, வால்வு, ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஏறி உட்காரும்.

லாரியில் இந்த வேலை ஓரளவு தாங்கும். மேட்டில் ஏறும்போது முழு ஆக்சிலரேட்டர், இறக்கத்தில் ஓய்வு, டோல்கேட்டில் ஓய்வு. படகுக்கு இறக்கமே கிடையாது. மடி (இழுவலை) இழுக்கத் தொடங்கினால் நாலு மணி நேரம் ஒரே பாரம். இந்த வித்தியாசத்தை மறந்து கட்டிய இன்ஜின் எதுவும் நிலைத்ததாக நான் பார்க்கவில்லை. முப்பது வருடமாக ராயபுரத்தில் இன்ஜின் பிரிக்கிறேன்.

முதலில் இன்ஜினைப் பழையபடி கொண்டுவாருங்கள். ப்ரொப்பெல்லரைத் தொட வேண்டாம். கூட வேண்டுமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

9 ஏப்ரல், இரவு

ஒன்று கேட்க மறந்தேன். மடி இல்லாமல், முழு த்ராட்டிலில் இப்போது எத்தனை சுற்று வருகிறது? தகட்டில் இருக்கும் 1800 வருகிறதா? வரவில்லை என்றால் உங்களிடம் 100 ஹெச்.பி.யே இல்லை. இல்லாத நூறை நூற்றைம்பது ஆக்குகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

13 ஏப்ரல்

தடைக்காலம் 15ஆம் தேதி தொடங்குவதால் இன்றே தம்பியின் படகில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டேன். ஏறும்போது கையில் வெப்பமானி, சுற்று எண்ணும் கருவி, ஜிபிஎஸ் மூன்றும் இருந்தன.

முழு த்ராட்டிலில் 1590 சுற்று. வேகம் 7.6 நாட் (மணிக்கு 7.6 கடல் மைல்). புகை கறுப்பு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 660 டிகிரி. இன்ஜின் அறைக்குள் காற்று 52 டிகிரி. பம்ப் ஸ்க்ரூவை யாரும் திருப்பாமல் இருக்கப் போடும் சீல் எப்போதோ அறுந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டால் மூன்று வருடம் முன்பு ஒருவர் "கொஞ்சம்" திருப்பினார் என்கிறார். ஆக, அந்த வைத்தியம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றுதான்.

அந்த 52 டிகிரியைக் கவனியுங்கள். வெளியே 32. காற்று சூடானால் இளகும். 20 டிகிரி கூடினால் ஆறு சதவீதத்துக்கு மேல் காற்றின் எடை குறைந்துபோகும். அறையின் மேல்மூடியில் இரண்டு காற்றுக் குழாய் வைத்து, ஒன்றை ஏர் ஃபில்டர் பக்கம் இறக்கினால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். தகரம், வெல்டிங் கூலி மட்டும்தான் செலவு. இன்ஜினைத் தொடாமல் கிடைக்கும் காற்று இது. முதலில் இதைச் செய்யுங்கள்.

20 ஏப்ரல்

படகைக் கரையேற்றியாகிவிட்டது. இன்ஜினை இறக்கிப் பிரித்தோம். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இன்ஜின் பிரிக்க நினைக்கும் எல்லோருக்கும் உதவும்.

ஹெட் கழற்றியதும் மூன்றாம், நாலாம் சிலிண்டர் வால்வு சீட் உள்ளே இறங்கியிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் ஓரம் வெந்து, சிறு பள்ளம். டீசல் தூவும் ஆறு நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்தோம். இரண்டு சொட்டுகின்றன. சொட்டும் நாசில் டீசலைத் தூவாமல் பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் ஊற்றும். அந்த இடத்தில் கறுப்பு வட்டம் இருந்தது, நகத்தால் சுரண்டினால் அலுமினியம் பொடியாக வந்தது. இன்னும் ஒரு சீசன் ஓடியிருந்தால் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்.

லைனரை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்) வெளியே எடுத்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பலரும் உள்பக்கத் தேய்மானத்தை மட்டும் அளந்துவிட்டு வெளிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பிஸ்டன் ஒவ்வொரு வெடிப்பிலும் லைனரை ஒரு பக்கமாக அடிக்கிறது. லைனர் அதிர்கிறது, வெளியே இருக்கும் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைகின்றன, உடையும் ஒவ்வொரு குமிழும் இரும்பைக் கொத்துகிறது. இந்த இன்ஜினில் நாலு லைனரில் ஊசி குத்தியது போல வரிசையாகக் குழிகள். ஒன்று ஏறக்குறைய பாதி ஆழம். காரணம், கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றியே பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். இதன் மேல் டர்போ வைத்திருந்தால் வெடிப்பின் அடியும் கூடி, நடுக்கடலில் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கியிருக்கும். நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தப் படகில் ஒன்பது பேர் போகிறார்கள்.

படகின் அடியில் ஓடும் கூலிங் குழாயில் விரல் கனத்துக்குக் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள கடல் உயிரி). அதைச் சுரண்டவே ஒரு நாள் ஆனது.

ஆறு லைனர், பிஸ்டன், ரிங், மெட்டல் (பேரிங்) எல்லாம் புதிது. புது லைனரை உட்கார வைக்கும்போது ப்ளாக்கின் மேல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜில் நாலு பக்கமும் அளக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அந்த சிலிண்டரில்தான் கேஸ்கெட் போகும். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி 0.3 மில்லிமீட்டர் வைக்கிறேன்.

21 ஏப்ரல்

திருத்தம். நேற்று 0.3 என்று எழுதியது தவறு. அது சின்ன இன்ஜினுக்கு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் நாலு அங்குலம் என்று வைத்தால் 107 மில்லிமீட்டர் போருக்கு 0.43 வரும். மடி இழுக்கும் இன்ஜினுக்கு அதற்குக் கீழே போகக் கூடாது. சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டினால் லைனரைக் கீறிக்கொண்டு போகும். 0.3 வைத்து யாராவது பூட்டியிருந்தால் தயவுசெய்து திறந்து சரி செய்யுங்கள்.

3 மே

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே ப்ளாக்கைக் கம்பெனிக்காரனே ஒரு இடத்தில் 100க்கும் இன்னொரு இடத்தில் 160க்கும் விற்கிறானே, நாம் ஏன் செய்யக் கூடாது?

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரன் ஹெச்.பி.யோடு சேர்த்து ஒரு நிபந்தனையும் விற்கிறான். நாள் முழுக்க முழு பாரத்தில் ஓடும் இன்ஜினுக்கு ஒரு எண். பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் முழு பாரம் வாங்குவதற்கு இன்னொரு எண். ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் படகுக்கு மூன்றாவது எண். ப்ளாக் ஒன்றானாலும் உள்ளே பிஸ்டன், எண்ணெய் பீய்ச்சும் ஜெட், கூலர், கேம், வால்வு இரும்பு எல்லாம் வேறாக இருக்கும். நாம் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகிறோம்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் என்றால் எனக்கு இங்கிலாந்தின் கார்ட்னர் கம்பெனிதான் நினைவுக்கு வரும். மான்செஸ்டர் பக்கம் பேட்ரிக்ராஃப்டில் கட்டிய இன்ஜின். 1958இல் வந்த 6எல்எக்ஸ், 10.45 லிட்டர், 1700 சுற்றில் 150 ஹெச்.பி. எட்டு வருடம் கழித்து 6எல்எக்ஸ்பி, அதே லிட்டர், 1850 சுற்றில் 180 ஹெச்.பி. டர்போ இல்லை. சுற்றைக் கூட்டியது 150தான், ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. மீதி முழுக்க ஒவ்வொரு வெடிப்பிலும் கிடைக்கும் இழுவையை உயர்த்திக் கொண்டுவந்தது. கணக்குப் போட்டால் சிலிண்டருக்குள் சராசரி அழுத்தம் ஏழரை பாரிலிருந்து (பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) எட்டேகால் பாருக்குத்தான் போயிருக்கிறது. எட்டு வருடத்தில் அவர்கள் எடுத்து வைத்த அடி அவ்வளவுதான். நம் தம்பியின் இன்ஜினும் தகட்டுப்படி ஏழரை பாரில்தான் இருக்கிறது. 150க்குப் போனால் அதே சுற்றில் பதினோரு பாரைத் தாண்டும். ஒரு நாள் வேலையில்.

4 மே

சுற்றைக் கூட்டினால் என்ன என்று இன்னொருவர். 1800ஐ 2200 ஆக்கினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் போய்த் திரும்பும்போது வரும் இழுப்பு ஒன்றரை மடங்கு. சுற்றின் வர்க்கத்தில் ஏறும் சுமை அது. ராட் போல்ட்தான் அதைத் தாங்க வேண்டும். வேண்டாம்.

11 மே

ஒரு வாரமாக மனது கேட்கவில்லை. முதல் நாள் எழுதியதைப் படித்தால் டர்போவே கூடாது என்பது போல இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை.

2016இல் ஒரு 55 அடி படகுக்கு 110 ஹெச்.பி. இன்ஜினை 140 ஆக்கிக் கொடுத்தேன். எட்டு வருடமாக ஓடுகிறது. செய்தது இவ்வளவு: கம்ப்ரஷன் குறைந்த பிஸ்டன், அடியிலிருந்து பிஸ்டனுக்கு எண்ணெய் பீய்ச்சும் ஜெட், பெரிய எண்ணெய் பம்ப், எண்ணெய் கூலர், டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கடல்நீர் ஓடும் இன்டர்கூலர். டீசல் விழும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினேன், உச்ச அழுத்தம் அடங்க.

இன்டர்கூலரை யாரும் விட்டுவிடாதீர்கள். 0.6 பார் அழுத்தும் டர்போவிலிருந்து காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் வெளியே வரும். நம் கடல்நீர் 30 டிகிரி. காற்றை 45க்கு இறக்கிவிட்டால் அதே அழுத்தத்தில் 17 சதவீதம் கூடுதல் காற்று. கூடவே சிலிண்டருக்குள் எல்லாமே குளிர்ச்சியாகத் தொடங்கும். ஹெச்.பி.யும் ஆயுளும் சேர்ந்து ஏறும் இடம் ஒரு இன்ஜினில் மிகச் சில. அதில் இது ஒன்று.

அப்புறம் மேனிஃபோல்டில் வெப்பமானி. டர்போவுக்கு முன்னால் 650 டிகிரியைத் தொடர்ந்து தாண்டினால் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லி, கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த டிரைவர் அந்தக் கோட்டை மதித்தார். எட்டு வருடத்தில் பாதி அவருடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெச்.பி. மாறினால் மீன்வளத் துறைப் பதிவிலும் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 2020 விதிகளின்படி 240 ஹெச்.பி. உச்ச வரம்பு.

26 மே

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இன்று கிரைண்டிங் முடிந்து வந்தது. 20 சைஸ், அதாவது ஆயிரத்தில் 20 அங்குலம் குறைத்தது. கையில் மூலை வளைவை அளக்கும் ரேடியஸ் கேஜோடு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தம்பி ஏன் அண்ணே இவ்வளவு நேரம் என்றார். சொன்னேன்.

2011இல் ஒரு லேத்தில் கிராங்க் கொடுத்தேன். ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டை பாகம்) பளபளவென்று வந்தது. மைக்ரோமீட்டரில் அளவு சரியாக இருந்தது, பூட்டிவிட்டேன். ஜர்னல் போய்ச் சுவரில் சேரும் மூலையில் இருக்க வேண்டிய வளைவு இல்லை, கல்லைத் தீட்டாமல் நேராக இறக்கியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது. 340 மணி நேரத்தில் மூன்றாம் ஜர்னல் மூலையில் கிராங்க் இரண்டாக உடைந்தது. இரவு பதினொரு மணி, வாடைக்காற்று. ஏழு பேர். இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வர பதினொரு மணி நேரம் ஆனது. கரையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த டிரைவரின் வீட்டம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

லேத்தில் தவறு. அளக்காதது என் தவறு. இரும்பு களைத்து உடைவது எப்போதும் கூர்மையான மூலையில்தான் தொடங்கும். விரிசல் பார்க்கும் காந்தச் சோதனையையும் அன்றிலிருந்து நான் விட்டதில்லை. இந்தக் கிராங்கின் மூலைகள் சுத்தமாக இருக்கின்றன.

8 ஜூன்

ப்ரொப்பெல்லரைத் தொட வேண்டாம் என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்பா இன்றுதான் சொன்னார், இரண்டு வருடம் முன்பு இழுவை வேண்டும் என்று பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) இரண்டு அங்குலம் கூடுதலான ப்ரொப்பெல்லர் மாற்றியிருக்கிறார்கள். இன்ஜின் 1800க்குப் போகாமல் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தச் சுற்றில் முழு பாரம் என்பதைத் தீர்மானிப்பது ப்ரொப்பெல்லர்தான். சுற்று குறைந்து, டீசல் முழுதாக விழுந்தால் காற்று பற்றாது. லாரியை டாப் கியரில் மலை ஏற்றுவது போல.

ஆனாலும் முதலில் இதே ப்ரொப்பெல்லரோடு கடலில் ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

15 ஜூன்

தடைக்காலம் நேற்று நள்ளிரவோடு முடிந்தது. காலையில் சோதனை ஓட்டம். 1720 சுற்று. நல்லது. ஆனால் முழு த்ராட்டிலில் இன்னும் லேசாகப் புகை. பம்ப்பைப் பெஞ்சில் வைத்து ஆறு சிலிண்டருக்கும் டீசல் அளவைச் சமமாக்கி, சீல் போட்டுத்தான் பூட்டியிருக்கிறோம். ஆகவே காரணம் பம்ப் இல்லை.

17 ஜூன்

கண்டுபிடித்துவிட்டோம். எக்ஸாஸ்ட் குழாய். மூன்று அங்குலக் குழாய், நாலு முழங்கை வளைவு. ஒளிபுகும் ட்யூபை யு போல வளைத்து, தண்ணீர் ஊற்றி, குழாயில் ஒரு துளை போட்டு மாட்டினேன். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் நடுவே 41 அங்குல வித்தியாசம். புகை வெளியேற முடியாமல் குழாய் திருப்பி அழுத்தும் அளவு அது. நான் வைத்திருக்கும் வரம்பு 27. நாலு அங்குலக் குழாய், இரண்டு நீளமான வளைவு போட்டதும் 14க்கு இறங்கியது. சுற்று 1750. புகை இல்லை.

இதைத்தான் நான் ஏப்ரல் 13ஆம் தேதியே அளந்திருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் ட்யூபில் முடியும் வேலை. இனி யார் ஹெச்.பி. குறைகிறது என்று வந்தாலும் முதல் வேலை இதுதான்.

19 ஜூன்

கணக்கு. அதே ப்ரொப்பெல்லர், அதே படகு. ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்றின் மும்மடியில் ஏறும். இப்போது 1750இல் 97 ஹெச்.பி. கொடுக்கிறது என்றால், ஏப்ரலில் 1590இல் கொடுத்தது 73. நூறு ஹெச்.பி. இன்ஜினில் கால்பங்கு காணாமல் போயிருந்தது. அதைத் தேடாமல் மேலே ஐம்பது கேட்டுக்கொண்டிருந்தோம்.

22 ஜூன்

பிட்சைக் குறைத்து மாட்டியாயிற்று. மடி இல்லாமல் 1830, தகட்டை விடச் சற்று மேலே. அப்படித்தான் இருக்க வேண்டும், மடி இறங்கியதும் சுற்று கீழே வர இடம் வேண்டும். வேகம் 8.4 நாட். மேனிஃபோல்டு 520 டிகிரி. டீசல் மணிக்கு 20 லிட்டர், முன்பு 21.

24 ஜூன்

தம்பி திரும்பக் கேட்டார்: இப்போது இன்ஜின் புதிது போல இருக்கிறதே, 140 ஆக்கலாமா?

இந்தத் தடவை முறையாகச் செய்ய முடியும் என்பதால் உண்மையாக யோசித்தேன். தண்ணீர்க்கோட்டில் 46 அடி நீளமுள்ள படகு தன் அலையைத் தாண்டி ஓட முடியாத எல்லை ஏறக்குறைய 9 நாட். அடிக்கணக்கில் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது. அந்த எல்லையை நெருங்க நெருங்க சக்தி எல்லாம் அலை கிளப்பவே போகும். 140க்கு 8.9 நாட் கிடைத்தால் பெரிது. அறுபது கடல் மைல் தூரத்திலிருந்து கரைக்கு வர ஏப்ரலில் 7 மணி 54 நிமிடம் ஆனது. இப்போது 7 மணி 9 நிமிடம். 140 ஆக்கினால் 6 மணி 44 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்கு முழு பாரத்தில் மணிக்கு 8 லிட்டர் கூடும். வரிவிலக்கு டீசலோ அளவோடுதான் கிடைக்கிறது.

மடி இழுக்க அந்த நாற்பது ஹெச்.பி. உதவும், அது வேறு கதை. பெரிய மடி போடுவதானால் கியர்பாக்ஸ், தண்டு, வின்ச் எல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏலத்துக்கு முந்தி வருவதற்கு என்றால் வேண்டாம் என்பேன். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

9 ஜூலை

இரண்டு தங்கல் (பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் பயணம்) முடிந்தது. 50 மணி நேரம் கடந்ததும் ஹெட் போல்ட் திரும்ப இறுக்கி, டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்து, எண்ணெய் மாற்றினேன். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். ரிங் உட்காரும்போது வரும் மெல்லிய பொடி மட்டும். மெட்டல் துணுக்கு இல்லை.

கூலன்ட் தீர்ந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று டிரைவரிடம் சொல்லி, கலந்த கூலன்ட்டையே இரண்டு கேன் படகில் வைத்திருக்கிறேன்.

இன்ஜின் வேலை கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு எங்கே போவது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் கிளை இருக்கிறது. அங்கே மரைன் ஃபிட்டர் பயிற்சி உண்டு. போய் விசாரியுங்கள் அம்மா. நேரமிருந்தால் பையனை எங்கள் கடைக்கும் அனுப்புங்கள், கேஜ் பிடிக்கச் சொல்லித் தருகிறேன்.

18 ஆகஸ்ட்

410 மணி நேரம். மேனிஃபோல்டு 1750இல் 480. எண்ணெய் குறையவில்லை. அப்பா நேற்றுக் கடைக்கு வந்து, டர்போவுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை அடுத்த தடைக்காலத்தில் கூலிங் குழாய் மாற்ற ஒதுக்கிவிட்டேன் என்றார். கூடவே ஒரு கூடை காணாங்கெளுத்தி. ஏலம் தொடங்கும் முன்னால் வந்து சேர்ந்த மீன்.